துரையின் கரண்டி

சமுகமளித்தோர்: தேவநாயகம், தலைவர். அருள்நேசன், செயலாளர். யேசுரட்ணம், உறுப்பினர். இராசரத்தினம், உறுப்பினர், அதாவது நான். விருந்தினர் ஒருவர்... அருள்நேசன் கூட்டக் குறிப்பில் விருந்தினர் என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான், பிறகு குளியலறைப் பக்கம் பார்த்துவிட்டு அதை அழித்தான், உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒடென்சே என்கிற இந்த டேனிஷ் நகரத்தில் நாங்கள் நாலு பேர் ஒரே வீட்டில் இருக்கிறோம், நாலு பேரும் ஒரே கல்லூரி, ஆகவே அது பழைய மாணவர் சங்கத்தின் கிளை என்று தேவநாயகம் அண்ணை சில மாதத்துக்கு முன் முடிவெடுத்தார், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம், கூட்டம் என்றால் கோழிக்கறியும் சோறும், முதல் வரியில் சமுகமளித்தோர். நான் இரவு வேலை முடித்து வந்து கட்டிலில் விழ வேண்டிய நேரம், ஆஸ்பத்திரி விரிப்புகளைத் தோய்க்கிற வஸ்கெரியில் வேலை, மற்றவனுடைய மூத்திரமும் இரத்தமும் போன துணியை விடியும்வரை இயந்திரத்துக்குள் திணித்துவிட்டு வந்தவனுக்குக் கூட்டம் என்ன கூட்டம், ஆனால் இன்றைக்குப் படுக்க விடவில்லை, ஆள் தேவை என்றார்கள். இந்த நாலு பேரில் கல்லூரியைப் படித்து முடித்தவர்கள் மூன்று பேர், நான் பத்தாம் வகுப்பில் விட்டவன், யாரும் விரட்டவில்லை, விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்தவன் ஒருநாள் திரும்பிப் போகவில்லை, அடுத்த நாளும் போகவில்லை, பிறகு போவதற்கு வெட்கம், பிறகு வெட்கமும் இல்லை. இங்கே மொழிப்பள்ளியையும் அப்படித்தான் விட்டேன். அப்படிப்பட்டவனைக்கூட உறுப்பினராக வைத்திருக்கிறார்கள் என்றால் இவர்களுக்கு ஆள் எண்ணிக்கைதான் முக்கியமோ என்று எனக்கு எப்போதும் ஒரு யோசனை, ஆனால் இன்று அந்த யோசனைக்கு நேரமில்லை, இன்று யோசிக்க வேண்டியது குளியலறைக்குள் இருப்பவனைப் பற்றி, இவ்வளவு நேரம் ஒருவன் என்ன குளிக்கிறான், தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டுக் கதவோடு காதை வைத்துக்கொண்டு நிற்கிறானா?

பெயர் சூசைதாசன் என்றான். காலை ரயிலில் யூலண்டிலிருந்து வந்தான், அங்கே ஏதோ ஒரு செஞ்சிலுவை முகாமில் கோடைகாலத்திலிருந்து இருக்கிறானாம், மன்னார்ப் பெடியன், வேதக்காரன், அதாவது கத்தோலிக்கன், உதவிப் பணத்தில் எங்கள் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தவனாம். வேதக்காரப் பெடியனுக்கு வேதக்காரப் பள்ளிக்கூடங்கள் இல்லையா, எங்கள் புரட்டஸ்தாந்துக் கல்லூரிக்கு ஏன் வந்தான்? வாசலில் நின்றபடியே உரத்த குரலில் எல்லாவற்றையும் சொன்னான், மூன்றாம் மாடி முழுவதும் கேட்கிற மாதிரி, தேவநாயகம் அண்ணை இரண்டு தரம் சொன்னார், தம்பி மெள்ளக் கதையும், இது யாழ்ப்பாணத்துச் சந்தையில்லை, மேல்வீட்டு டேனிஷ்காரி பொலிசுக்குப் போன் அடிப்பாள். பொலிஸ் என்றதும் அவன் வந்த காரியத்தைச் சொன்னான். செவ்வாய்க்கிழமை அவனுக்கு இரண்டாவது விசாரணை, முதல் விசாரணையில் பொலிஸ் நம்பவில்லை, கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிப்போட்டார்கள், கள்ள மலேசியப் பாஸ்போர்ட்டை விமானத்துக்குள்ளேயே கிழித்துப்போட்டான், அது நாங்கள் எல்லாரும் செய்ததுதான், இப்போது இவன் தமிழ்நாட்டு ஆள், இலங்கை ஆளே இல்லை என்று சந்தேகப்படுகிறார்களாம். விசா கிடைத்த ஒருவர் வந்து, இவன் எங்களோடு யாழ்ப்பாணத்தில் படித்தவன் என்று சொன்னால் போதும். ஒரு ஆள் வந்தால் காணும் அண்ணை, இல்லாட்டி ஏத்தி அனுப்பிப்போடுவாங்கள் என்றான். சட்டம் போன மாதம் இறுகியது, எல்லாருக்கும் தெரியும், அனுப்புவார்கள். அதுவரை சரி, அதுவரை நான்கூடப் பாவம் என்றுதான் நினைத்தேன், அதற்குப் பிறகு அவன் கேட்டான், யேசுரட்ணம் அண்ணை இஞ்சதானே இருக்கிறார் என்று.

யேசுரட்ணம் இங்கே இருப்பது எவருக்கும் தெரியாது. தெரியாது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவன் இருந்த இயக்கத்தை மற்ற இயக்கம் சித்திரை மாதத்தில் துடைத்தெறிந்தது, சந்தியில் ஆட்களை டயர் போட்டு எரித்தார்கள், சனம் பார்த்துக்கொண்டு நின்றதாம், எரித்தவர்களுக்குச் சோடாவும் கொடுத்ததாம், அதில் தப்பியவன் எப்படித் தப்பினான் என்று அவன் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது மரியாதையா பயமா? இரவில் நான் வேலைக்குப் போன பிறகு கதவுக்குக் குறுக்கே கதிரை வைக்கிறான் என்று அருள்நேசன் சொன்னான். ஒருநாள் நான் காய்ச்சலோடு நேரத்துக்கு முந்தி வந்தபோது அந்தக் கதிரையில் கதவு இடித்தது, உள்ளே இவன் கையில் கறிக்கத்தியோடு நின்றான், என்னைக் கண்டபிறகும் கத்தியை உடனே கீழே வைக்கவில்லை, அந்தச் சில வினாடிகளை நான் மறக்கவில்லை. இப்படி ஒருவன் ஒளிந்திருக்கிற வீட்டுக்கு முகாமிலிருந்து ஒருவன் வந்து பெயர் சொல்லிக் கேட்கிறான். ஆர் உமக்குச் சொன்னது என்று தேவநாயகம் அண்ணை கேட்க, முகாமில ஒரு பெடியன் சொன்னவன் என்றான், எந்தப் பெடியன் என்றால், அவன் இப்ப நோர்வேக்குப் போயிட்டான். எல்லாச் சாட்சியும் எப்போதும் நோர்வேக்குப் போய்விடுகிறது. யேசுரட்ணம் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டு, நான்தான் யேசுரட்ணம், உம்மை எனக்கு நினைவில்லை என்றான். நீங்கள் பெரிய வகுப்பு அண்ணை, சின்னப் பெடியளை உங்களுக்கு என்னண்டு நினைவிருக்கும் என்று அவன் சிரித்தான். சரியான பதில். சரியான பதில்தான் எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு, குளிக்கலாமோ, முகாமில் சுடுதண்ணி வரிசையில் நிக்க வேணும் என்று கேட்டு உள்ளே போனான், நாங்கள் நாலு பேரும் குசினிக்குள் போனோம்.

நான் முதலில் அவனுடைய ஜக்கெட்டைத் தடவிப் பார்த்தேன், வெட்கமெல்லாம் இல்லை, ரயில் ரிக்கற், சீப்பு, கடதாசியில் சுற்றிய கறுத்த பாண் பாதி, வேறொன்றுமில்லை. ஒன்றும் இல்லாமல் வருபவனும் திட்டத்தோடு வருபவனாக இருக்கலாம். அருள்நேசன் அகப்பையால் கோழிக்கறியைத் துழாவிக்கொண்டு, ஏன் அண்ணை, கல்லூரிப் பாட்டைப் பாடச் சொல்லுவம் என்றான். உனக்கு அது முழுக்கத் தெரியுமோடா என்று தேவநாயகம் அண்ணை கேட்டார். முதல் ரெண்டு வரி தெரியும், மிச்சம் வாயசைச்சது. பிறகென்னத்தை வைச்சுச் சரி பிழை பாக்கப் போறாய், விசரா? கேள்வி கேட்டுப் பயனில்லை, பதில் என்றால் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருப்பார்கள், மணி எது, மைதானம் எது, வாத்தியாருக்கு என்ன பட்டப்பெயர், எல்லாம் ஒரு பின்னேரத்தில் பாடமாக்கலாம். அப்போதுதான் அவர் சொன்னார், துரையின் கரண்டி. நாங்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம், நான்கூடச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிறைஸ் துரை எங்கள் கல்லூரிக்கு அந்தக் காலத்தில் அதிபராக இருந்தவர், நாங்கள் பிறப்பதற்கு முன்னமே ஊருக்குப் போய்ச் செத்துப்போனவர், படம் மாத்திரம் மண்டபத்தில், வேல்ஸ் நாட்டுக்காரர், அவரை இங்கிலீஷ்காரன் என்று சொன்ன பெடியனுக்குப் பிரம்படி விழுந்தது என்பது கதை. தான் படித்த வேல்ஸ் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு வழக்கத்தை அவர் எங்கள் விடுதியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். சாப்பிடும்போது மேசைத் தலைவன் கரண்டியால் கிளாஸில் மூன்று தரம் தட்டுவான், தட்டினால் கை எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்க வேண்டும், வாய்க்குள் சோறு இருந்தால் மெல்லக் கூடாது, திரும்பத் தட்டும்வரை. எதற்கு என்று எவருக்கும் தெரியாது. கை அசைந்தவன் ஒரு கிழமை நின்றுகொண்டு சாப்பிட வேண்டும். எங்கள் விடுதியில் இருந்தவனுக்கு அது உடம்புக்குள் போய்விட்டது, சொல்லிக்கொடுத்து வராது, போன வருசம் ஸ்டேசன் கடையில் ஒரு டேனிஷ்காரன் யாருடையதோ பிறந்தநாளுக்கு கிளாஸில் தட்ட, பியர் வாய்க்குப் போன பாதியில் என் கை நின்றது, பத்தாம் வகுப்பில் விட்ட என் கை. ஆகவே அதுதான் சோதனை. கை நின்றால் அவன் எங்கள் ஆள், செவ்வாய்க்கிழமை தேவநாயகம் அண்ணை அவனோடு பொலிசுக்குப் போவார். நிற்காவிட்டால் வாசல். யேசுரட்ணம் கறிக்கத்தியைக் கழுவித் துடைத்து மேசை லாச்சிக்குள் வைத்தான், லாச்சியைச் சாத்தவில்லை.

மேசையில் தேவநாயகம் அண்ணை தலைமாட்டில், அவருக்குப் பக்கத்தில் அவன், எதிரே நானும் யேசுரட்ணமும், அருள்நேசன் குசினிக்கும் மேசைக்குமாக. குளித்து வந்தவனின் தலை ஈரம், தலையில் எங்கள் சோப்பின் மணம். சாப்பாட்டுக்கு முன் சும்மா கேட்பதுபோல் கேட்டோம், அவன் சொல்லச் சொல்ல எனக்குச் சந்தேகம் கூடியது. மணி எதில செய்தது? தண்டவாளத் துண்டு அண்ணை. சரி. விடுதி மாஸ்டரை என்னெண்டு கூப்பிடுறது? கொக்கு. சரி. கிணத்தடியில என்ன மரம்? யோசித்தான், மரமொண்டும் நினைவில்லை என்றான். அருள்நேசன் என்னைப் பார்த்தான், பார்த்தியோ என்று. ஆனால் எனக்கும் அந்த மரம் நினைவில்லை, மரம் இருந்ததா? சரியாகச் சொன்னால் படித்து வந்திருக்கிறான், பிழையாகச் சொன்னால் பொய்யன், அப்படியென்றால் இவன் எதைச் சொன்னால் நாங்கள் விடுவோம்? இன்னொன்று, கேள்வி கேட்கிறவனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், ஒருவர் வாய் திறந்தால் முகம் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பும், ஒரு சொல்லையும் விடாமல் பொறுக்கிக்கொண்டு போய் எங்கேயோ கொட்டப் போகிறவன்போல. அப்படிப் பார்க்கிறவனை யாருக்குப் பிடிக்கும்? நான் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, எந்த வருசம் விடுதிக்கு வந்தனீர் என்று கேட்டேன். அவன் மேசையில் இருந்த கோழிக்கறிச் சட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தான். சங்கடமான கேள்வி வந்ததும் செவிடன்போல நடிக்கிறான் என்று நினைத்தேன்... வஸ்கெரியில் எங்கள் பெரியவன் அப்படித்தான், சம்பளம் பற்றிக் கேட்டால் இயந்திரத்தைப் பார்ப்பான்.

அருள்நேசன் சோறு போட்டான், இந்த நாட்டு அரிசி, எப்படிச் சமைத்தாலும் குழைந்துவிடும், முட்டைக்கோவா வறை, லண்டனிலிருந்து வந்த தூளில் கறி. வந்தவன் குனிந்தான், குனிந்தது குனிந்ததுதான், எத்தனை மாதமாக அவித்த உருளைக்கிழங்கு தின்றானோ, கை சாப்பாட்டுக் கோப்பைக்கும் வாய்க்கும் போய் வந்துகொண்டிருந்தது, எங்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. தேவநாயகம் அண்ணை கரண்டியை எடுத்தார். அவர் அந்தக் காலத்தில் எங்கள் மாணவத் தலைவர், இப்போது முதியோர் இல்லத்தில் டேனிஷ்க் கிழவர்களுக்குக் குண்டி கழுவுகிறார், கழுவிவிட்டு வரும்போதும் நெஞ்சை நிமிர்த்தித்தான் வருவார், கரண்டியை எடுத்தபோது அவர் முகத்தில் இருந்தது பயமில்லை, சந்தோசம், அதை நான் கண்டேன். தட்டினார், மூன்று தரம். என் கை நின்றது. யேசுரட்ணத்தின் கை நின்றது. அருள்நேசன் கன்னத்துக்குள் கோழிக்காலை வைத்துக்கொண்டு மெல்லாமல் நின்றான், ஒரு பக்கம் வீங்கிப்போய், வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். வந்தவனின் கை நிற்கவில்லை. எலும்பை முறித்தான், உறிஞ்சினான், சோற்றைக் குழைத்தான், இன்னொரு வாய் வைத்தான். பிறகு ஏதோ உணர்ந்து தலையைத் தூக்கினான், நாங்கள் நாலு பேரும் சிலைமாதிரி இருக்கிறதைக் கண்டான், முகம் சிவந்தது, கையைக் கோப்பையில் வைத்துவிட்டு, ஐயோ, செபம் சொல்லேல்லையோ என்று உரக்கச் சொல்லி எச்சில் படாத இடது கையால் அவசரமாகச் சிலுவை போட்டான். அண்ணை திரும்பத் தட்டினார். ஒண்டுமில்லை, நீர் சாப்பிடும் என்றார்.

சாப்பிடட்டும் என்று விட்டோம், அது எங்கள் நாகரிகம். முடிந்து கை கழுவி வந்ததும் அண்ணை அவனுக்கு நேரே நின்று சொன்னார், தம்பி, எங்களில ஒருதரும் வர ஏலாது. ஏன் அண்ணை? வர ஏலாது, அவ்வளவுதான், நீர் வேற இடம் பாரும். அவன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். நான் அங்கதான் படிச்சனான் அண்ணை. படிச்சிருக்கலாம் காணும், எங்களுக்குத் தெரியாதே. நீங்கள் கேட்டதுக்கெல்லாம் சொன்னன் தானே, எதைப் பிழையாய்ச் சொன்னனான், அதை எண்டாலும் சொல்லுங்கோ. எதைச் சொல்வது, கரண்டியைச் சொன்னால் அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்புவான்... அப்போதுதான் எனக்கு அது வந்தது, இந்த யோசனை ஏன் சாப்பாட்டுக்கு முன் வரவில்லை, எங்கள் நாலு பேருக்கும் கரண்டி தட்டப்போவது முன்கூட்டியே தெரியும், தெரிந்தவன் கை நிற்கத்தானே செய்யும், என் கை பழக்கத்தில் நின்றதா, நிற்க வேண்டும் என்று நின்றதா? தெரியாமல் இருந்தவன் அவன் ஒருவன்தான். சோதித்தது ஒருவனை மட்டும். யேசுரட்ணத்தின் கை? அருள்நேசனின் கன்னம்? இவர்கள் விடுதியில் இருந்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும், பத்தாம் வகுப்போடு போனவன் நான், அதற்குப் பிறகு கல்லூரியில் இருந்தவர்களைப் பற்றி எனக்கு இவர்களே சொன்னதுதான். சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். சொன்னால் செவ்வாய்க்கிழமை யார் போவது, நீ போ என்பார்கள், எனக்கும் விசா இருக்கிறது, ஒரு பொலிஸ்காரனுக்கு முன்னால் நின்று இவன் எங்கள் ஆள் என்று சொல்வது பெரிய வேலை இல்லை. பிறகு ஒரு இரவில் நான் விரிப்புகளைத் திணித்துக்கொண்டிருக்கிற நேரம் யேசுரட்ணத்துக்கு ஏதும் நடந்தால்? அந்தக் கதிரை எவ்வளவு தாங்கும்? வாயை மூடிக்கொண்டேன். அருள்நேசன் மிச்சக் கோழிக்கறியை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தான், அவன் வேண்டாம் என்றான், பிறகு வாங்கிக்கொண்டான்.

வாசலுக்கு வெளியே, படிக்கட்டின் தலைப்பில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜக்கெட்டைப் போட்டான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பின்னால் அண்ணை, அவருக்குப் பின்னால் யேசுரட்ணம், சாவி அவன் கையில். வந்தவன் படியின் நடுவில் இறங்கத் தொடங்கியபோது மேல்வீட்டு டேனிஷ்காரி தோய்க்கிற துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், நிலவறை இயந்திரத்துக்குப் போகிறாள், எனக்குத் தலையாட்டிவிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் நின்று உன்ஸ்கூல் என்றாள், வழிவிடு என்பதற்கு இங்கே அப்படித்தான். அவன் விலகவில்லை. திரும்பவும் சொன்னாள், உரத்து. டேனிஷ் தெரியாது, பாவம், அல்லது திமிர். அப்போது என் வாய் என்னைக் கேட்காமல் கூப்பிட்டது, சூசைதாசன்! படிக்கட்டு முழுவதும் எதிரொலித்தது, டேனிஷ்காரி திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள், அவன் பார்க்கவில்லை, ஒரு படி, இன்னொரு படி, டப்பாவை நெஞ்சோடு பிடித்தபடி. பாத்தியோ, என் காதுக்குள் தேவநாயகம் அண்ணை சொன்னார், அவர் குரலில் பெரிய நிம்மதி, பாத்தியோ, தன்ர பேருக்கே திரும்பேல்லை, அது அவன்ர பேரே இல்லை. ஓம், அப்படியும் இருக்கலாம். கோபமாகவும் இருக்கலாம், சோறு போட்டுத் துரத்தினவனின் குரலுக்கு எவன் திரும்புவான்? டேனிஷ்காரி கூடையை இடுப்பில் ஏற்றிவிட்டு ஒரு விரலால் அவன் தோளைத் தொட்டாள், அவன் துள்ளிச் சுவரோடு ஒட்டினான், பின்னால் ஆள் இருப்பதே அப்போதுதான் தெரிந்தவன் போல, அவளுடைய வாயைப் பார்த்தான், சிரித்தான், வழி விட்டான். அவள் வாயைத்தான் பார்த்தான். இன்று முழுவதும் அவன் ஒருவர் வாயையும் பார்க்காமல் இருந்தது சாப்பாட்டுக்குக் குனிந்திருந்த நேரம் மட்டும்தான், அந்த நேரத்தில்தான் நாங்கள்... அப்படியென்றால் அவன் காது... அந்தப் பொலிஸ் விசாரணையில்... இல்லை, நடிப்பும் இருக்கலாம், நடிக்கத் தெரியாதவனையா அனுப்புவார்கள்? தள்ளும் மச்சான், குளிர் வருது என்று சொல்லி யேசுரட்ணம் என் கையைக் கதவிலிருந்து எடுத்துவிட்டான், கதவைச் சாத்தினான், சாவியை இரண்டு தரம் சுற்றினான், கைபிடியை இழுத்துப் பார்த்தான்.